பல் கறைக்கு 12,000 ரிங்கிட் கடன் வாங்கலாமா?

கேள்வி: வயது 35. செந்தூலில் வாடகை வீடு, கைக்கு வரும் சம்பளம் 3,400 வெள்ளி (ரிங்கிட்). சின்ன வயதிலிருந்தே பல்லெல்லாம் பழுப்பு, வாய்விட்டுச் சிரிக்கக் கூச்சமாக இருக்கிறது. முன்பற்கள் எட்டுக்கும் பீங்கான் வெனீர் (பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய உறை) போட ஒரு கிளினிக்கில் 12,000 வெள்ளி கேட்கிறார்கள். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாவது கணக்கில் உள்ள 4,000-ஐ எடுத்து, மீதிக்கு பெர்சனல் லோன் போடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் லோன் கணக்கைப் பாருங்கள். 8,000 ரிங்கிட்டுக்கு 8 சதவீத ஃபிளாட் வட்டி (முழு அசலுக்கும் கடைசிவரை ஒரே வட்டி), மூன்று ஆண்டு என்றால் வட்டி மட்டும் 1,920. மாதம் ஏறக்குறைய 276. அசல் குறையக் குறைய வட்டி குறையாததால் உண்மையான வட்டி 14 சதவீதத்தைத் தாண்டும். இபிஎஃப் பணமோ, ஆண்டுக்கு 5.5 சதவீத ஈவு கிடைத்தால் உங்கள் 55 வயதில் 11,600-க்கு மேல் ஆகியிருக்கும். பீங்கான் வெனீரும் ஆயுசுக்கும் வராது. 10, 15 ஆண்டில் மாற்ற வேண்டிவரும், அதற்கும் மறுபடி செலவு. போடுவதற்குப் பல்லின் எனாமலை, அதாவது கடினமான மேல்படலத்தை, சீவுவார்கள், அது திரும்ப வளராது.

கறை எந்த வகை என்று தெரியாமல் விலை பேசுவதுதான் இதில் பெரிய தவறு. அரசாங்க பல் கிளினிக்கில் சில வெள்ளியிலேயே பரிசோதனையும் ஸ்கேலிங்கும் (பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) முடியும். காத்திருக்க மட்டும் வேண்டும். தே, கோப்பி, சிகரெட், வெற்றிலை, நீண்ட நாள் பயன்படுத்திய குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் ஆகியவற்றின் கறை மேலோடு நிற்பது, பெரும்பாலும் அங்கேயே போய்விடும். (வெற்றிலை போடுபவரென்றால் கன்னத்தின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பல்லைவிட அது முக்கியம்.)

சின்ன வயதிலிருந்தே இருப்பதால் உங்கள் கறை உள்ளுக்குள் இருக்கலாம். சாம்பல் கலந்த பட்டைகளாக இருந்தால், பல் உருவாகும் வயதில் சாப்பிட்ட டெட்ராசைக்ளின் மருந்து காரணமாக இருக்கலாம்; திட்டுத்திட்டாக இருந்தால் ஃபுளோரைடு. ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் அதன் நரம்பு செத்திருக்கக்கூடும். அதற்கு எக்ஸ்ரேயும் வேர் சிகிச்சையும்தான் வழி, வெனீர் அல்ல.

உள்கறைக்கு முதலில் வீட்டிலேயே டிரே மாட்டிப் பல்லை வெளுக்கும் முறையை முயலுங்கள். பல் மருத்துவர் உங்கள் பல்லுக்கு அச்செடுத்த டிரே செய்து, அதில் வைக்க 10 சதவீத கார்பமைட் பெராக்சைடு என்ற வெளுக்கும் ஜெல் தருவார். கிளினிக்குக்கு கிளினிக் மாறும் என்றாலும், பெரும்பாலும் 400 முதல் 1,000 ரிங்கிட்டுக்குள் முடியும். சாதாரணக் கறைக்கு இரண்டு வாரம் இரவில் மாட்ட வேண்டும். டெட்ராசைக்ளின் கறைக்கு மூன்று முதல் ஆறு மாதம், அதனால் கூடுதல் ஜெல் விலையையும் முன்கூட்டியே கேளுங்கள். பல் கூசினால் ஒருநாள் விட்டு ஒருநாள் வையுங்கள். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் உதவும். கிளினிக்கில் ஒரு மணி நேரத்தில் செய்யும் வெளுப்புக்குக் காசு அதிகம். அன்று பல் காய்ந்திருப்பதால் கூடுதல் வெள்ளையாகத் தெரியும், சில நாளில் கொஞ்சம் இறங்கும்.

பழைய ஃபில்லிங், கிரவுன் எதுவும் வெளுக்காது. மாற்றுவதென்றால் வெளுப்பு முடிந்து இரண்டு வாரம் பொறுங்கள், இல்லையென்றால் பிசின் சரியாக ஒட்டாது. அப்படியும் கறை தெரிந்தால், சிரிக்கும்போது தெரியும் இரண்டு, நான்கு பல்லுக்கு மட்டும் காம்போசிட் (பல் நிறப் பிசின்) வெனீர் போடலாம். மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பிரிவில் மாணவர்கள் மேற்பார்வையில் செய்வார்கள். செலவு குறையும், நேரம் கூடும்.

லோனுக்குக் கட்டவிருந்த 276-ஐ மாதாமாதம் தனியே போட்டு வையுங்கள். நான்கே மாதத்தில் 1,100 சேரும், டிரே செலவு தீர்ந்துவிடும். 2024 வரி ஆண்டு முதல் பல் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் 1,000 ரிங்கிட் வரை வரிக்குரிய வருமானத்தில் கழிக்கலாம், ரசீதை வையுங்கள். ஆனால் உங்கள் வருமானத்துக்கு வரியில் மிச்சமாவது 30 ரிங்கிட் அளவில்தான். அதிலும் வெளுப்புச் செலவு இதில் சேரும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

டிக்டாக்கில் மலிவாகக் கூவும் “வீட்டுக்கே வந்து வெனீர்” பக்கமே போகாதீர்கள். பதிவு பெற்ற பல் மருத்துவரைத் தவிர யார் செய்தாலும் 2018 பல் மருத்துவச் சட்டப்படி குற்றம். ஈறு அழுகினால் கேட்க ஆள் இருக்காது. எலுமிச்சை தேய்ப்பதும் வேண்டாம். எனாமல் மெலிந்து உள்ளே உள்ள மஞ்சள் இன்னும் தெரியும்.

எல்லாம் பார்த்த பிறகும் பீங்கான்தான் வேண்டுமென்றால், மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை மில்லிமீட்டர் சீவுவார்கள், ஒன்று உடைந்தால் மாற்ற எவ்வளவு, வெனீருக்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு.