பழைய வீட்டில் ஃபேன் மாட்டப் போகிறீர்களா? முதலில் கொக்கியைப் பாருங்கள்

ஃபேன் மாட்டுவது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பழைய வீட்டுக்காரர்களுடையவை. எந்த கம்பெனி ஃபேன் வாங்கலாம் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். அதைத் தாங்கப் போகிற கூரையைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. எனக்கோ அதுதான் முதல் கேள்வி.

எங்களுடையது தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு. ஹால் நடுவில் கொக்கி கிடையாது. இரண்டு மரச் சட்டங்களுக்கு இடையே தளத்தில் துளை போட்டு ஆங்கர் போல்ட் அடித்துத் தருவதாக எலக்ட்ரீஷியன் சொல்கிறார். சரியா?
– கும்பகோணம் வாசகி

வேண்டாம் அம்மா. உங்கள் கூரை கான்கிரீட் அல்ல. தேக்குச் சட்டங்களுக்கு மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்ட தளம். ஆங்கர் போல்ட் துளைக்குள் விரிந்து பிடிக்கும் சாதனம். கெட்டியான கான்கிரீட்டில் அது நிற்கும். செங்கல்லையும் சுண்ணாம்பையும் அது உள்ளேயே நொறுக்கிவிடும். மாட்டிய அன்று உறுதியாகத்தான் தெரியும். ஃபேன் ஓட ஓட அதிர்வில் தளர்ந்துவிடும்.

பாரம் மரத்தில்தான் இறங்க வேண்டும். பட்டை இரும்பை 'ப' வடிவில் வளைத்துச் சட்டத்தின் இரு பக்கமும் அணைத்து, பக்கவாட்டில் ஊடுருவும் ஒரு போல்ட்டால் முடுக்கச் சொல்லுங்கள். துளை சட்டத்தின் உயரத்தில் நடுவாக வரட்டும். பாரம் தாங்கும்போது சட்டத்தின் அடிப்பக்கம்தான் இழுபடும், அங்கே வெட்டோ துளையோ கூடாது. அறையின் மையம் இரண்டு சட்டங்களுக்கு இடையே விழுந்தால், இரண்டையும் இணைத்து ஓர் இரும்புச் சேனல் போட்டு அதில் கொக்கியை வைக்கலாம்.

அதற்கு முன் அந்தச் சட்டத்தை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் நெடுகத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தாலோ, முனையால் குத்தினால் சுலபமாக இறங்கினாலோ உள்ளே கரையான் அரித்திருக்கலாம், அல்லது மரம் உளுத்திருக்கலாம். சுவருக்குள் போகும் முனையைக் கட்டாயம் பாருங்கள். சுவரின் ஈரம் ஏறி அங்கேதான் முதலில் உளுத்துப்போகும்.

கான்கிரீட் வீடு, முப்பது வருஷம் ஆகிறது. கொக்கியைச் சுற்றிப் பூச்சு விரிசல் விட்டிருக்கிறது. பட்டி பூசி மறைத்துவிட்டு புது ஃபேன் மாட்டலாமா?
– தூத்துக்குடி வாசகர்

மறைக்கவே மறைக்காதீர்கள். கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டைப் பிளக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் இது சீக்கிரமே வந்துவிடுகிறது. விரிசல் விட்ட பூச்சைத் தட்டி எடுத்து உள்ளே என்ன நிலை என்று பாருங்கள். கான்கிரீட் செதில் செதிலாகப் பெயர்ந்தாலோ, துரு அடுக்கடுக்காக உதிர்ந்தாலோ அந்தக் கொக்கியின் ஆயுள் முடிந்தது.

அதே தளத்தில் கெட்டியான இடமாகப் பார்த்து, நான்கு ஆங்கர் போல்ட்டுடன் தகடு வைத்த கொக்கி போடலாம். டிரில் போடும்போது உதிரும் தூளைக் கவனியுங்கள். மணலாகக் கொட்டினால் இன்னும் பூச்சில்தான் இருக்கிறீர்கள்; போல்ட்டின் ஆழத்தில் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பல இடங்களில் கம்பியே வெளியே தெரிகிறது என்றால் ஃபேன் பிறகு பார்க்கலாம், முதலில் ஒரு சிவில் இன்ஜினீயரைக் கூப்பிட்டுத் தளத்தைக் காட்டுங்கள்.

துரு இல்லாத பழைய கொக்கியிலும் ஒன்று பார்க்க வேண்டும். ஃபேன் தொங்கும் வளைவை விரலால் தடவுங்கள். தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். நன்றாக இருக்கும் கொக்கியில் இருபது, இருபத்தைந்து கிலோ மணல் மூட்டையை ஓர் இரவு தொங்கவிடலாம், கீழே யாரும் படுக்காமல். சாதாரண ஃபேன் நான்கைந்து கிலோதான் என்றாலும் ஓடும்போது அதிர்வும் சேரும். ஆள் தொங்கிச் சோதிப்பது வேண்டவே வேண்டாம்.

சுவிட்சை அணைத்துவிட்டுத்தானே வேலை செய்கிறோம், மெயினை ஏன் அணைக்க வேண்டும்?
– சேலம் வாசகர்

பழைய வயரிங்கில் சுவிட்சை கரண்ட் வரும் வயரில் கொடுக்காமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் கொடுத்திருப்பது உண்டு. அப்போது சுவிட்ச் அணைந்திருக்கும், ஃபேன் வயரில் கரண்ட் இருக்கும். மெயினை அணைத்து, டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள பிளக்கில் சரிபார்த்துவிட்டு, பிறகு அதே டெஸ்டரால் ஃபேனுக்கான இரண்டு வயரையும் தொட்டுப் பாருங்கள். சீலிங் ரோஸில் (கூரையில் ஃபேன் வயரை இணைக்கும் வட்டப் பெட்டி) வயரை வளைத்ததுமே மேலுறை பொடிந்தால், டேப் சுற்றிச் சமாளிக்காமல் புது வயர் இழுங்கள். எர்த் வயர் இல்லாத வீடு என்றால் அதையும் கூடவே இழுத்துவிடுங்கள். எர்த்தை நியூட்ரலோடு முறுக்கிவிடுவது உயிருக்கு ஆபத்து. மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) அவசியம் இருக்கட்டும், ஆனால் அது எர்த்துக்கு மாற்று ஆகாது.

பி.எல்.டி.சி. ஃபேனுக்கு (கார்பன் பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் ஃபேன்) பழைய ரெகுலேட்டரே போதுமா?
– திருச்சி வாசகி

போதாது. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு சுவிட்சிலிருந்து நேராகக் கொடுங்கள். வேகத்தை ரிமோட் பார்த்துக்கொள்ளும்.

ஒன்பதடிதான் உயரம். ராடை அறுத்துக் குறைக்கலாமா? பழைய போல்ட்டையே போடலாமா?
– வேலூர் வாசகர்

இறக்கை தரையிலிருந்து எட்டடியாவது மேலே இருக்க வேண்டும், கூரைக்கும் இறக்கைக்கும் ஓரடி இடைவெளி இருந்தால்தான் காற்று வரும். உங்களுக்கு மட்டுமட்டாகச் சரியாக வரும். ராடை அறுத்து வெல்டிங் வைக்காதீர்கள், அதே கம்பெனியின் குட்டை ராடு கிடைக்கும். பரண் இருந்தால் இறக்கை அதில் இடிக்காதா என்று அளந்துகொள்ளுங்கள்.

போல்ட், ரப்பர் புஷ், காட்டர் பின் (போல்ட் கழன்றுவிடாமல் பிடிக்கும் இரண்டு கால் ஊசி) எல்லாம் புதிதாக வாங்குங்கள்; செலவு சொற்பம். ஒருமுறை விரித்து மடக்கிய காட்டர் பின்னை மறுபடி விரித்தால் ஒடிந்துவிடலாம். ராடின் மேலே ஒரு பின், மோட்டார் பக்கம் ஒரு பின், இரண்டின் காலும் நன்றாக விரிந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கப்பை மேலே தள்ளி மூடுங்கள். பெட்டியில் பாதுகாப்புக் கம்பி வந்திருந்தால் ஃபேன் தொங்கும் அதே கொக்கியில் மாட்டாமல் கூரையில் தனியாக ஒரு பிடிமானம் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள்.