எல்லோருக்கும் ஒரே புற்றுநோய் ஊசி ஏன் இல்லை?

அன்புள்ள அக்கா,

நோயோடு போராடும் வெள்ளை அணுக்களான டி செல்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அண்ணனுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய். வருடக்கணக்காகப் புகையிலை போட்டவர். மதுரையில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள், அப்புறம் கதிர்வீச்சு என்கிறார்கள். கட்டியில் மாறிப்போன புரதத்தைக் கண்டுபிடித்து அதற்கென்றே ஊசி தயாரிக்கிறார்கள் என்று என் மகள் போனில் ஒரு செய்தி காட்டினாள். புரதம் மாறியிருந்தால் உடம்புக்கே அது தெரியாதா? ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் எல்லோருக்கும் அதே ஊசியைப் போட முடியாதா? ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு இதற்கு முயற்சி செய்யலாமா?

வாசகர், உசிலம்பட்டி

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தேதியைத் தள்ளிவைக்காதீர்கள். வெட்டி எடுக்கக்கூடிய கன்னப் புற்றைக் குணப்படுத்த இன்று நம்மிடம் இருக்கும் உறுதியான வழி ஆபரேஷனும், தேவைப்பட்டால் அதன் பிறகு கதிர்வீச்சும்தான். உங்கள் மகள் காட்டிய வகை ஊசிகளுக்கும் ஆபரேஷன் எதிரி இல்லை. வெட்டியெடுத்த கட்டியின் மரபணுவைப் படித்துத்தான் அந்த ஊசியையே தயாரிக்கிறார்கள்.

இனி, உடம்புக்கு ஏன் தெரிவதில்லை என்ற கேள்வி. டி செல்லால் இன்னொரு செல்லின் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. ஒவ்வொரு செல்லும் தன் புரதங்களை நறுக்கி, பெரும்பாலும் ஒன்பது அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகளை, எச்எல்ஏ என்ற தாம்பாளத்தில் வைத்து வெளியே நீட்டுகிறது. துண்டையும் தாம்பாளத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் டி செல் முடிவெடுக்கும். இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் டோஹர்ட்டியும் சிங்கர்நாகலும் 1996-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

புகையிலையின் நஞ்சு மரபணுவில் பல இடங்களைக் கெடுக்கிறது. ஆனால் கெட்ட இடமெல்லாம் இலக்கு ஆகிவிடாது. அந்த மரபணுவிலிருந்து புரதம் உற்பத்தியாக வேண்டும், மாறிய பகுதி சரியான நீளத்தில் நறுக்கப்பட வேண்டும், அந்தத் துண்டு அந்த நோயாளியின் எச்எல்ஏவில் ஒட்ட வேண்டும். இத்தனையும் நடந்த பிறகு அதை அந்நியமாகப் பார்க்கும் டி செல் அவர் உடம்பில் இருக்கவும் வேண்டும். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே கட்டிகளின் தகவலைப் பல குழுக்களிடம் கொடுத்து நல்ல இலக்குகளைக் கணிக்கச் சொன்னார்கள். கணித்தவற்றில் 608 துண்டுகளைச் சோதித்தபோது 37-க்குத்தான் டி செல்கள் அகப்பட்டன. தேர்ந்த குழுக்கள் பொறுக்கியெடுத்ததிலேயே நூற்றுக்கு ஆறு! இந்தத் துறையின் கஷ்டம் முழுக்க இந்த எண்ணில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரே ஊசி ஏன் முடியாது என்பதற்கும் காரணம் இங்கேதான். முதல் வகை எச்எல்ஏவில் ஏ, பி, சி என்று அப்பாவிடமிருந்து மூன்றும் அம்மாவிடமிருந்து மூன்றும் நமக்கு வருகின்றன. உலகில் இவற்றுக்கு ஆயிரக்கணக்கான வடிவங்கள் உண்டு. கட்டிகளும் அப்படித்தான் வேறுபடுகின்றன. கன்னம், ஈறு பகுதிப் புற்றுகளை ஆராய்ந்து இந்திய ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட பட்டியலில் டிபி53, காஸ்ப்8, நாட்ச்1 போன்ற மரபணுக்கள் இருக்கின்றன. ஆனால் டிபி53 கெட்ட இருவரை எடுத்துக்கொண்டால், ஒருவருக்கு ஓரிடத்திலும் மற்றவருக்கு வேறிடத்திலும் கெட்டிருக்கும்.

பலருக்கும் பொதுவான இலக்கு இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கேராஸ் என்ற மரபணுவில் ஜி12டி என்ற ஒரே மாற்றம் கணையப் புற்றிலும் குடல் புற்றிலும் அடிக்கடி வருகிறது. 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குடல் புற்று நுரையீரலுக்குப் பரவிய ஒரு பெண்ணுக்கு, அவர் கட்டியிலிருந்தே இந்த மாற்றத்தை அறியும் டி செல்களை எடுத்து, பெருக்கி, திருப்பிச் செலுத்தினார்கள். நுரையீரலில் இருந்த கட்டிகள் எல்லாமே சுருங்கின. சில மாதம் கழித்து அவற்றில் ஒன்று மட்டும் மறுபடி வளர்ந்தது. அதை எடுத்துப் பார்த்தால், கேராஸ் மாற்றம் அப்படியே இருக்கிறது. அதை வெளியே காட்டிய சி0802 என்ற எச்எல்ஏவைத்தான் அந்தக் கட்டி தொலைத்திருந்தது! இலக்கு என்பது கட்டியின் பிழையும் நோயாளியின் எச்எல்ஏவும் சேர்ந்த ஒன்று என்பதை இதைவிடத் தெளிவாக யாராலும் காட்ட முடியாது. அந்த எச்எல்ஏ இல்லாத நோயாளிக்கு அதே டி செல்கள் பயன்படவும் செய்யாது.

மதுரைக்காரர்களான நாம் இதில் அக்கறை காட்ட வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பனின் குழு 1980-களிலேயே தமிழ்நாட்டுச் சமூகங்களின் எச்எல்ஏவை ஆராய்ந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தாலும் தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் சமூகங்களுக்கிடையே எச்எல்ஏ பரவல் மாறுவதை அந்த ஆய்வுகள் காட்டின. இன்று இலக்குகளைக் கணிக்கும் கணினி நிரல்கள் அதிகம் பழகியிருப்பது ஐரோப்பியரிடம் மிகுதியாக உள்ள ஏ0201 போன்ற எச்எல்ஏ வடிவங்களோடு. நம் பக்கம் அதே ஏ2 குடும்பத்தில் ஏ0211 என்ற வேறு வடிவத்துக்கு முக்கிய இடம் உண்டு. நம் மக்களின் கட்டிகளையும் எச்எல்ஏவையும் இங்கேயே சேர்த்துப் படிக்காவிட்டால், நாளை அந்த ஊசி மலிவாகக் கிடைத்தாலும் நமக்கு அது குறி தவறும். வாய்ப்புற்று இவ்வளவு அதிகமாக இருக்கும் நாட்டில் இந்த வேலை இன்னும் பெரிய அளவில் நடக்க வேண்டும் என்று ஆதங்கத்தோடு சொல்கிறேன்.

ஊசியால் பலன் உண்டா? உண்டு, ஆனால் இப்போதைக்குப் பெரும்பாலும் ஆய்வுகளுக்குள். 2023-இல் வெளிவந்த கணையப் புற்று ஆய்வில் ஆபரேஷனுக்குப் பின் 16 பேருக்குப் போட்டார்கள். 8 பேருக்கு டி செல்கள் எழும்பின, அவர்களுக்கு நோய் திரும்புவதும் தாமதமானது. இதை வைத்து 'உங்களுக்கென்றே தடுப்பூசி' என்று இங்கே யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், பதிவு செய்யப்பட்ட ஆய்வா என்று கேளுங்கள். ஆய்வுக்கு என்று கொடுக்கும் ஊசிக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. நகையை அடகு வைத்துவிடாதீர்கள், தம்பி.

இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டியை ஏற்கெனவே அடையாளம் கண்டும் செயல்படாமல் அடக்கப்பட்டிருக்கும் டி செல்களை விடுவிக்கும் மருந்துகள் உண்டு. அதில் ஒன்று நிவோலுமாப். மும்பை டாடா மருத்துவமனையில், முற்றிய தலை, கழுத்துப் புற்று நோயாளிகளுக்கு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும், மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து, மாத்திரைகள் மட்டும் எடுத்தவர்களில் 16.3 சதவீதம் பேரும், நிவோலுமாப்பும் சேர்த்து எடுத்தவர்களில் 43.4 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். உங்கள் அண்ணனுக்கு இது தேவைப்படாமலே போகட்டும். நோய் திரும்பினால் மட்டும் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துவையுங்கள். ஆபரேஷனுக்குப் பின் வரும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் வெட்டிய ஓரங்களில் நோய் இருக்கிறதா, கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கதிர்வீச்சு உண்டா என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். புகையிலையை அண்ணன் இன்றைக்கே விட வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள், புரியாததைச் சேர்ந்து படிக்கலாம்.

அன்புடன்,
அக்கா