ஓயாத ஏப்பம்: எண்டோஸ்கோப்பி நார்மல் என்றால் அடுத்து என்ன?

அம்மாவுக்கு 58 வயது, மாதக்கணக்காக ஓயாத ஏப்பம், எண்டோஸ்கோப்பி நார்மல், அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரை போட்டும் குறையவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பொது மருத்துவராகச் சொல்கிறேன்: முதலில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். தூக்கத்தில் ஏப்பம் வருகிறதா? ஆர்வமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது வருகிறதா?

இரண்டு நேரமும் நின்றுவிடுகிறது என்றால், அந்தக் காற்று பெரும்பாலும் வயிற்றிலிருந்தே வருவதில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் சட்டென்று இறங்கும்போது வெளிக்காற்று உணவுக்குழாய்க்குள் இழுக்கப்பட்டு, வயிற்றுக்குப் போகாமலே உடனே வெளியே வந்துவிடுகிறது. இப்படிப்பட்டவர்களிடம் ஏப்பத்தைப் பற்றி விசாரித்தால் வரிசையாக வரும்; பேரப்பிள்ளை என்ன படிக்கிறான் என்று கேட்டால் அடங்கிவிடும். அதற்காக "வேணும்னே பண்றே" என்று அவரிடம் யாரும் சொல்லக் கூடாது. அவரை அறியாமல் படிந்துபோன பழக்கம் அது. பதற்றம் கூடினால் ஏப்பமும் கூடும்.

இந்த வகைக்கு மாத்திரையைவிட மூச்சுப் பயிற்சிதான் மருந்து. மல்லாந்து படுத்து, ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். வாயை லேசாகத் திறந்து, நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் வைத்து, மூக்கால் மெதுவாக மூச்சை இழுக்கட்டும். வயிற்றிலுள்ள கைதான் உயர வேண்டும், நெஞ்சிலுள்ளது அசையக் கூடாது. பழகிய பிறகு, ஏப்பம் வரப்போகிறது என்று தோன்றும்போதே உட்கார்ந்தபடி இதைச் செய்யலாம். இதைச் சொல்லித்தரப் பேச்சுப் பயிற்சி நிபுணர் கிடைத்தால் இன்னும் நல்லது. பாக்லோஃபென் என்ற மாத்திரை சிலருக்கு உதவும். தூக்கக் கலக்கம் வரும் என்பதால் டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

சாப்பிட்டபின் வரும் ஏப்பம் வேறு, அது எல்லோருக்கும் உள்ளது. அவசரமாகச் சாப்பிடுவது, சூயிங்கம், பொருந்தாத பல்செட் எல்லாம் அதைக் கூட்டும். ஏப்பம் விட்டால் லேசாகும் என்று சோடா குடிப்பது காற்றை இன்னும் ஏற்றும் வேலை. நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் இருந்தால் மட்டும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைக்கு வேலை உண்டு.

எடை குறைவு, விழுங்கச் சிரமம், கறுப்பு மலம், ரத்தசோகை இருந்தால் உடனே மறுபடி காட்டுங்கள். ஏப்பத்தோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை வந்தால் கேஸ் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே இசிஜி எடுக்க வேண்டும்.

எந்த வகை என்று உறுதியாகத் தெரிய, மூக்கு வழியே மெல்லிய குழாய் விட்டு 24 மணி நேரம் பதிவு செய்யும் பரிசோதனை உண்டு. எல்லா ஊரிலும் கிடைக்காது. பயிற்சியைத் தொடங்க அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.