தொப்பூர் ஏற்றத்தில் திணறும் டர்போ

கேள்வி: பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் கூம்பு ஏர் ஃபில்டர், டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர் எல்லாம் போட்டிருக்கிறார். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் இழுக்கவே மாட்டேன் என்கிறது. ஸ்கேனரில் பி0101 வருகிறது. ஏர் ஃப்ளோ சென்சாரை மாற்றிவிடலாமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. சென்சார் செத்துவிட்டது என்று அந்த எர்ரர் கோட் சொல்லவில்லை. இன்ஜினுக்குள் போவதாக சென்சார் காட்டும் காற்றின் அளவு கம்ப்யூட்டரின் கணக்கோடு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

என் முதல் சந்தேகம் கூம்பு ஃபில்டர் மேல். எண்ணெய் தடவும் வகைதானே? கழுவிவிட்டு, கோழிக்கு மசாலா தடவுவது போல அப்பிவிடுகிறார்கள். அந்த எண்ணெய் சென்சாருக்குள் சூடாக இருக்கும் மெல்லிய கம்பியில் போய்ப் படியும். காற்று அந்தக் கம்பியை எவ்வளவு ஆற்றுகிறது என்பதை வைத்துத்தான் கணக்கே. அழுக்கேறினால் காற்றைக் குறைத்துக் காட்டும், பெட்ரோலும் குறைவாகப் போகும். கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரேயை அடித்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். கார்புரேட்டர் கிளீனர் வேண்டவே வேண்டாம். துணி, பட்ஸ், விரல் எதுவும் கம்பியில் படக் கூடாது.

அப்புறம் லைவ் டேட்டா, அதாவது இன்ஜின் ஓடும்போது ஸ்கேனரில் தெரியும் அளவுகள். இன்ஜின் சூடான பின் ஏசியை அணைத்துவிட்டு ஐடிலில் பார்த்தால் நொடிக்கு 2 முதல் 4 கிராம் காற்று காட்ட வேண்டும். ஏற்றத்தில் ஃபியூவல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம், பிளஸ் பக்கம் ஏறிக்கொண்டே போனால் சென்சார் மேல் சந்தேகப்படலாம். பெட்ரோல் பம்ப் பிரஷரையும் பார்த்துவிடுங்கள். ட்ரிம் மைனஸில் இறங்கி, சைலன்சர் முனையில் கரி படிந்தால், அளந்த காற்று நடுவழியில் கசிகிறது.

போன வருடம் கிருஷ்ணகிரியில் என் பட்டறைக்கு வந்த வண்டி ஒன்றுக்கு நானே புது சென்சார் போட்டு அனுப்பினேன். டோல்கேட் தாண்டுவதற்குள் திரும்பி வந்தது. இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கம் கத்திக் கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. சும்மா நிற்கும்போது மூடியே கிடக்கும், பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறினால்தான் வாய் திறக்கும். சென்சார் காசை நான் வாங்கவில்லை. அதற்குப் பிறகு பிவிசி மூடி ஒன்றில் டியூப் வால்வு பொருத்தி வைத்திருக்கிறேன். டர்போ வாயில் அதை மாட்டி, 10 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடத்தில் நுரை கிளம்பும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், சென்சார் உட்கார்ந்திருப்பது கம்பெனிக் குழாயில்தானா என்று பாருங்கள். அதைவிட அகலமான குழாயில் புது சென்சாரும் தப்பாகத்தான் சொல்லும். பழைய ஏர்பாக்ஸை, அதாவது கம்பெனி ஃபில்டர் பெட்டியை, முன்பு வைத்திருந்தவரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர் வீட்டு மொட்டை மாடியில்தான் கிடக்கும்.