ஷூ தைப்பதும் செய்முறைக் கல்விதான்!

கேள்வி: மனப்பாடம், பிரம்படி என்று வதைக்காமல், 'செய்து பார்த்துக் கற்பது' என்ற முறையை அமெரிக்கா நூறு வருடத்துக்கு முன்பே அரசுப் பள்ளிகளில் கொண்டுவந்து, ஏழை, பணக்காரப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்த பள்ளத்தை மூடிவிட்டது. எல்லாம் ஜான் டூயி என்ற ஒரே மனிதரால். ஒத்துக்கொள்கிறீர்களா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கொண்டுவந்தது வரைக்கும் சரி. பள்ளத்தை மூடியது என்கிறீர்களே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அமெரிக்கத் தத்துவவாதி, கல்வியாளர் டூயி மேல் எனக்கும் மரியாதை உண்டு. 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சோதனைப் பள்ளியைத் தொடங்கியவர். பிள்ளைகளுக்குத் தோதான மேஜை தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார்: நீங்கள் கேட்பது பிள்ளைகள் வேலை செய்கிற மேஜை சார், எங்களிடம் இருப்பதெல்லாம் உட்கார்ந்து கேட்பதற்கு. அந்தப் பள்ளியில் பிள்ளைகள் பருத்தியிலிருந்து கையாலேயே கொட்டை நீக்கிப் பார்த்தார்கள். அரை மணி நேரம் மல்லுக்கட்டியும் ஒரு அவுன்ஸ் பஞ்சு தேறவில்லை. அந்தக் காலத்தில் ஜனங்கள் ஏன் பருத்தியை விட்டுவிட்டுக் கம்பளி உடுத்தினார்கள் என்பது அவர்களுக்குத் தானாகவே விளங்கிவிட்டது. அருமையான பாடம்தான், ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலர் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள். பஞ்சு எடுக்கத் தெரிந்துகொண்டாயே, நாளைக்கு மில் வேலைக்குப் போ என்று அவர்களிடம் யாரும் சொல்லப்போவதில்லை.

அப்புறம் 1915-இல் டூயியும் மகள் ஈவ்லினும் சேர்ந்து, நாளைய பள்ளிகள் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். அதில் இண்டியானாபொலிஸ் நகரத்தில் கறுப்பினப் பிள்ளைகள் மட்டுமே படித்த ஒரு அரசுப் பள்ளியைப் பாராட்டியிருக்கிறார்கள். அங்கே பையன்களுக்குத் தச்சு வேலை, ஷூ தைப்பது. பெண்களுக்குச் சமையல், தையல். இதுவும் செய்து கற்பதுதான். அந்தப் பிள்ளைகள் ஏன் தனிப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்விக்குள் புத்தகம் போகவே இல்லை. இனப் பிரச்சினையைத் தீர்ப்பது இந்தப் பள்ளியின் நோக்கம் அல்ல என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

அதே புத்தகம் புகழ்ந்த இன்னொரு ஊர், அதே இண்டியானா மாநிலத்திலிருக்கும் கேரி. 1906-இல் யு.எஸ். ஸ்டீல் கம்பெனி கட்டிய ஆலை நகரம். கல்விக் கண்காணிப்பாளர் வில்லியம் வர்ட் பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்தார். ஒன்று வகுப்பில் இருக்கும்போது மற்றது பட்டறை, தோட்டம், விளையாட்டு மைதானம், கலையரங்கம் என்று சுற்றும். ஒரே கட்டடத்தில் இரண்டு மடங்கு பிள்ளைகள்! கல்வியாளர்கள் இதில் குழந்தையின் மலர்ச்சியைக் கண்டார்கள், நகராட்சிக் கணக்குப்பிள்ளைகள் மிச்சமாகும் டாலரைக் கண்டார்கள். இடமில்லாமல் பள்ளிகள் பிதுங்கிக்கொண்டிருந்த நியூயார்க்கின் மேயர் மிச்சல் விடுவாரா? கேரி திட்டத்தை அப்படியே தன் ஊருக்கு இறக்குமதி செய்தார்.

1917 அக்டோபரில் அங்கே பள்ளி ஜன்னல்கள் உடைந்தன. கல்லெறிந்தவர்களில் பெரும்பாலோர் குடியேறி வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். பெற்றோரும் கூடவே தெருவில் நின்றார்கள். எங்கள் பிள்ளை படித்து மேலே வரத்தான் பள்ளிக்கு அனுப்புகிறோம், பட்டறையில் நிற்க வைக்கவா என்பதுதான் அவர்கள் கோபம். தேர்தல் நேரம், எதிர்க்கட்சி எண்ணெய் ஊற்றியது, உண்மைதான். ஆனால் தையல் ஆலையில் இடுப்பொடிய உழைத்து வீடு திரும்பும் அப்பனுக்குப் பட்டறை என்றால் என்ன என்று யாரும் வந்து தூண்டிவிட்டுத் தெரிய வேண்டியதில்லை. நவம்பரில் மிச்சல் தோற்றார், திட்டமும் அவரோடு போனது.

டூயி பேரைக் கெடுத்தவர்கள் வேறு சிலர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொழிற்கல்வியைத் தனிப் பாதையாகப் பிரித்து, ஆலைக்கு ஆள் தயார் செய்யலாம் என்று மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி ஆணையர் டேவிட் ஸ்னெடன் வாதாடியபோது, இருக்கிற தொழில் அமைப்புக்கு ஏற்றபடி தொழிலாளியை வளைக்கும் கல்வி தனக்கு வேண்டாம் என்று டூயி அதே 1915-இல் பதில் எழுதினார். யார் கேட்டார்கள்? அடுத்த வருடமே உளவியலாளர் லூயிஸ் டெர்மன் அறிவுத்திறன் தேர்வோடு வந்துவிட்டார். மெக்சிகோ, கறுப்பினப் பிள்ளைகளைத் தனி வகுப்பில் போட்டுக் கைவேலை பழக்கினால் போதும், நல்ல வேலையாட்களாவார்கள் என்று கூசாமல் எழுதினார். 1920-இல் டெட்ராய்ட் நகரம் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கே தேர்வு வைத்து மேலே 20 சதவீதம், நடுவே 60, கீழே 20 என்று மூன்றாகப் பிரித்தது. ஆறு வயதில்! டூயியின் முறைக்கு வைத்த 'முற்போக்குக் கல்வி' என்ற அதே பெயர்தான் இதற்கும்.

கேரிக்கே திரும்பிப் போவோம். 1927 செப்டம்பரில் அங்கே எமர்சன் பள்ளியில் கறுப்பின மாணவர்களின் எண்ணிக்கை 24 ஆனது. அவ்வளவுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளை மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். நாலே நாளில் நிர்வாகம் பணிந்து, புதிதாகச் சேர்ந்த கறுப்பினப் பிள்ளைகளை வெளியே அனுப்பவும், அவர்களுக்கென்று தனியாகப் பள்ளி கட்டவும் ஒத்துக்கொண்டது. கல்விக் கண்காணிப்பாளர் நாற்காலியில் அப்போதும் இருந்தவர் அதே வில்லியம் வர்ட்தான்.