விலை பேசும்போது கலை, பழுதானால் மரம்

கேள்வி: சிற்பம் போல வளைத்துச் செய்த நாற்காலியைப் படம் பார்த்து வாங்கினேன். உட்கார்ந்தால் முழங்கால் மார்பில் இடிக்கிறது. திருப்பித் தரலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: நீங்கள் அனுப்பிய விளம்பரத்திலேயே இருக்கையின் உயரம் 11 அங்குலம் என்று இருக்கிறது. சாதாரண நாற்காலிக்கு 17, 18 அங்குலம் இருக்கும். அளவை மறைக்காத கடைக்காரரை நான் எப்படிக் குறை சொல்வது?

கேள்வி: ஒரே பலகையில், மரத்தின் இயற்கையான ஓரத்தை வெட்டாமல் இழைத்த சாப்பாட்டு மேசை. ரூ.1,85,000. ஏ.சி. அறையில் போட்ட நான்காம் மாதம் நடுவே இரண்டடி நீளத்துக்கு விரிசல். "இது கலைப்பொருள், விரிசல்தான் அழகு" என்கிறார்கள். (வாசகர், கோவை)

பதில்: இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. விலை சொல்லும்போது சிற்பம் என்கிறார்கள். பழுது என்று போனால் மரம் என்றால் அப்படித்தான் என்கிறார்கள்.

விரிசலை அழகாக்கிக் காட்டியவர் அமெரிக்க மரவேலைக் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி எழுந்தபோது, 1930களின் இறுதியில் அங்கிருந்து வேலை பார்த்தவர். பலகையில் வெடிப்பு இருந்தால் மறைக்கமாட்டார். வண்ணத்துப்பூச்சி வடிவில் கட்டைகளைக் குறுக்கே பதித்து, மேலும் விரியாமல் பூட்டுவார். ஆனால் அந்த மரம் ஆண்டுக்கணக்கில் உலர்ந்த மரம். வெடிப்பு பட்டறையில் இருந்தது, வாங்கியவர் வீட்டில் வரவில்லை.

மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். காற்றில் உலர்த்தினால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு. உங்கள் பலகை இரண்டரை அங்குலம். உலராத மரத்தை ஏ.சி. அறைக்கு அனுப்பினால் வெடிக்காமல் என்ன செய்யும்? மேசையின் அடியில் பாருங்கள். இரும்புச் சட்டத்தில் திருகாணிகளை நீள்துளையில் விட்டிருந்தால் மரம் அசைய இடம் உண்டு. வட்டத்துளையில் இறுக்கியிருந்தால் குற்றம் இரண்டு மடங்கு.

ஒரு கடையில் வேர்க்கட்டையைக் குடைந்த சிறு மேசைக்கு நானும் ரூ.22,000 கொடுத்தேன். ஆறாம் மாதம் அடியில் மஞ்சள் மாவு கொட்டியது. மரத்தின் வெளிப்புறத்து வெள்ளைப் பகுதியைப் புழு தின்றுகொண்டிருந்தது. வேலைப்பாட்டில் மயங்கி, மேசையைக் கவிழ்த்துப் பார்க்காமல் வந்துவிட்டேன். கடைக்காரர் சொன்னதும் இதே "கலை"தான்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருள் என்பது எல்லா அசையும் சொத்தையும் குறிக்கும். கலைக்கு விலக்கு இல்லை. மரம் எப்போது அறுக்கப்பட்டது, விற்கும்போது ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேளுங்கள். செலவை அவர்கள் ஏற்றுச் சரிசெய்ய வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். விடாதீர்கள்.

கேள்வி: 120 ஆண்டுப் பழமை என்று சொல்லி விற்ற செட்டிநாட்டுச் செதுக்கு இருக்கையை சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா? (வாசகர், மதுரை)

பதில்: சொன்னது உண்மையானால் அனுப்ப முடியாது. நூறாண்டு கடந்த கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை. தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை சான்று தந்தால் அனுப்பலாம். ஆனால் அந்தச் சான்று கையில் வந்தால், பழமைக்கென்று நீங்கள் கொடுத்த விலையைக் கடைக்காரரிடம் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: ஓய்வூதியப் பணத்தில், யாளி செதுக்கிய ஊஞ்சலுக்கு ரூ.60,000 முன்பணம் கொடுத்தேன். எட்டு மாதமாகிறது. பட்டறை பூட்டியிருக்கிறது, போனையும் எடுப்பதில்லை. கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. அந்தத் துண்டுச் சீட்டே போதுமான தொடக்கம். வங்கிக் கணக்கில் பணம் போன பதிவு இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பிறகு பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், பதினைந்து நாள் கெடு. பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நோட்டீஸ் எழுதத் தயக்கமாக இருந்தால் சீட்டின் நகலை எனக்கு அனுப்புங்கள், நானே எழுதித் தருகிறேன்.