ட்ரோன் காலத்தில் லாம்டனை ஏன் படிக்க வேண்டும்?

கேள்வி: விமானத்திலிருந்தும் ட்ரோனிலிருந்தும் ஒரே நாளில் நிலப்படம் எடுத்துவிடும் இக்காலத்தில், வில்லியம் லாம்டன் போன்ற பழைய நில அளவையாளர்களின் வாழ்க்கையில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

தஞ்சைப் பகுதியில் நில அளவைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். லாம்டனைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அவர் அளந்த தூரத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு அவரிடம் பெரிதாகத் தெரிவது, தம் அளவைத் தாமே நம்பாத குணம்.

அவர் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்து, படையில் சேர்ந்து, வட அமெரிக்காவில் நெடுங்காலம் பணியாற்றியவர். அங்கே சூரிய கிரகணத்தை நோக்கியதில் ஒரு கண்ணின் பார்வை கெட்டது. 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில், இரவில் நடந்துகொண்டிருந்த படை எதிர்த் திசையில், நேராகத் திப்புவின் பாசறை நோக்கிப் போகிறது என்று விண்மீன்களைப் பார்த்துத் தளபதிக்குச் சொன்னவர் அவர்தான். போர் முடிந்ததும், தீபகற்பத்தின் குறுக்கே முக்கோண முறையில் அளவை செய்யும் திட்டத்தைக் கம்பெனி அரசிடம் வைத்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் போக விரும்புகிறவர் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, இத்தனை செலவு எதற்கு என்று நிதிக் குழுவில் ஒருவர் கேட்டதாகப் பதிவு உண்டு. செலவுக் கணக்குப் பார்ப்பவர்கள் அன்றும் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள்.

1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே, முதல் முக்கோணத்தின் ஒரு பக்கமான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள அந்த ஒரு கோட்டுக்கு 57 நாள் ஆயிற்று. கையிலிருந்தது நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி; சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டு போகப்பட்டு, அங்கே ஏற்கப்படாமல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பொருள் அது. அதைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகளின் மேல் தாங்கிய மரப் பெட்டிகளுக்குள் கிடத்தி, ஒரே அளவு இழுவிசை கொடுத்து, வெயிலில் எஃகு எவ்வளவு நீள்கிறது என்பதை வெப்பமானி வைத்துக் கணக்கிட்டு, ஏறத்தாழ நானூறு முறை எடுத்து எடுத்து வைத்தார்கள். அந்த ஒரு பக்கம் உறுதியானால், மற்ற முக்கோணங்களுக்குக் கோணம் மட்டும் அளந்தால் போதும். பக்கங்கள் கணக்கில் வந்துவிடும். ஆனால் அவர் கணக்கோடு நிற்கவில்லை. 1804இல் பெங்களூர் அருகே இன்னொரு கோட்டை நேரடியாகச் சங்கிலியால் அளந்து, சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளத்தோடு ஒப்பிட்டார். வேறுபாடு சில அங்குலங்கள்தான். அதன் பிறகே, சென்னைக்கும் மங்களூருக்கும் இடையிலான தூரம் பழைய வரைபடங்கள் காட்டிய 400 மைல் அன்று, 360 மைல்தான் என்ற செய்திக்கு மதிப்பு வந்தது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். முக்கோண அளவைக்குக் குன்றுகள் வேண்டும். வல்லம் மேட்டைத் தாண்டிக் கிழக்கே வந்தால் கடற்கரை வரை குன்று என்று சொல்ல ஒன்றும் இல்லை; வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்புமாகக் கிடக்கும் மண் இது. தரையில் நிற்பவருக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. 200 அடி உயரத்தில் நின்றால் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வரை தெரியும். ஆகவே கோபுரங்களையே குன்றுகளாகக் கொண்டார் லாம்டன். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல், அரை டன் எடையுள்ள தமது பெரிய தியோடலைட் என்ற கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றியபோது, இழுத்துப் பிடித்திருந்த துணைக்கயிறு அறுந்து, கருவி விமானத்தின் பக்கச் சுவரில் மோதியது. கோணம் படிக்கும் அந்த மூன்றடி வட்டம் நெளிந்து போயிற்று. பெரிய கோயிலுக்கு வருபவர்களிடம் வழிகாட்டிகள், விமானத்தில் தொப்பி அணிந்த உருவத்தைக் காட்டிப் பல கதைகள் சொல்வார்கள். இந்தக் கதையை ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தக் கருவி லண்டனில் செய்யப்பட்டது. வரும் வழியில் கப்பலோடு பிரெஞ்சுக்காரர்களிடம் அகப்பட்டு, மொரீஷியஸ் போய், அவர்களுடைய பெருந்தன்மையால் சென்னைக்கு வந்து சேர்ந்தது. இன்னொன்றை வரவழைக்க ஆண்டுகள் ஆகும். லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு, கம்மியர்களைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. அகன்ற பலகை ஒன்றில் வட்டத்தின் சரியான அளவை வரைந்து, நெளிந்த வளையத்தை அதன்மேல் வைத்து, ஆப்பு, திருகாணி, கப்பி ஆகியவற்றால் சிறிது சிறிதாக வெளிப்புறம் இழுத்துக் கோட்டோடு பொருத்தினார். வளைந்த ஆரச் சட்டங்களைச் சிறு மரச்சுத்தியால் தட்டித் தட்டி நீட்டினார். ஆறு வாரங்களில் கருவி ஏறக்குறையப் பழைய வடிவுக்கு வந்தது. அதைக் கொண்டே பணியும் தொடர்ந்தது. எழுபதைத் தொடும் வயதில், 1823 ஜனவரியில், நாகபுரிக்குப் போகும் வழியில் ஹிங்கன்காட் என்ற ஊரில் இறந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற எவரெஸ்ட்டின் பெயர் மலைக்குப் போனது. லாம்டனின் பெயர் எங்கள் தொழிலில் இருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

வான்வழிப் படத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், படத்துக்குத் தன் அளவு தானாகத் தெரிவதில்லை. 1858இல் பாரிஸ் நகருக்கு அருகே பலூனிலிருந்து நாடார் என்ற பிரெஞ்சுக் கலைஞர் படம் எடுத்த காலம் தொட்டு இதுவே நிலை. ஒன்றன்மேல் ஒன்று பாதிக்கு மேல் பொருந்துமாறு படங்களை எடுத்து, அவற்றில் தெரியும் சில இடங்களின் ஆயத்தொலைவுகளைத் தரையில் தனியாக அளந்து கொடுத்தால்தான் அது வரைபடமாகும். தன் இருப்பிடத்தைத் தானே குறித்துக்கொள்ளும் ட்ரோன்களிலும், முடிவைச் சோதிக்கச் சில புள்ளிகளைத் தரையில் அளந்து ஒதுக்கி வைக்காமல் நல்ல சர்வேயர் யாரும் படத்தை ஒப்படைப்பதில்லை. பெங்களூரில் லாம்டன் செய்ததும் அதே சோதனைதான்.

நம் டெல்டாவில் அப்புள்ளிகளுக்கு மதகின் கான்கிரீட் மேடையும் பாலத்தின் கைப்பிடிச் சுவரும் ஏற்றவை. வரப்பு ஆண்டுக்கு ஆண்டு நகரும். சம்பா நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் எடுத்த படங்களை மென்பொருளால் ஒன்றோடொன்று சரியாகப் பொருத்த முடிவதில்லை, ஆகவே அறுவடைக்குப் பின் எடுப்பதே நல்லது. தென்னந்தோப்பு இருக்கும் புல எண்களில் எந்தப் பருவமும் உதவாது. ஓலைக்குக் கீழே வரப்பும் எல்லைக்கல்லும் மேலிருந்து தெரிவதில்லை. செயற்கைக்கோள் சமிக்ஞையும் அங்கே நம்பும்படி இருப்பதில்லை. அப்படிப்பட்ட இடங்களில் தோப்புக்கு வெளியே இரண்டு புள்ளிகளை உறுதி செய்துகொண்டு, டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவியை முக்காலியில் ஏற்றி, மரங்களுக்கு நடுவே கோணமும் தூரமும் படித்தபடி உள்ளே போகிறோம்.